ஆயாக்களும் அத்தாட்சியும்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று ஜனங்கள் வழங்கும் பெரும் பாறையைக் கண்டவர்கள், அதில் யானைகளுக்கருகே கைகளை உயரத் தூக்கித் தவம் புரியும் பூனையையும், அதன் வேஷத்தை நம்பிச் சுற்றிலும் நிற்கும் எலிகளையும் மறந்திருக்க மாட்டார்கள். கோலத்தைக் கண்டு ஆளை நம்பலாகாது என்பதைப் பல்லவர் காலத்துச் சிற்பி சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டுப் போனான். அதே கடற்கரையை அடுத்து இன்று எழும்பியிருக்கும் மாடி வீடுகளில் அந்த உபதேசம் சிரிப்புக்குரியதாக இல்லை. வாய் திறந்து பேசத் தெரியாத சிசுவை, நேற்று வரையில் முகமறியாத ஒருத்தியிடம் ஒப்புவித்துவிட்டுத் தாயும் தகப்பனும் உத்தியோகத்துக்குப் புறப்படுகிறார்கள். அவள் யாரென்று அவர்கள் அறிந்துகொள்வதற்கும், தான் யோக்கியமானவள் என்று அவள் நிரூபித்துக்கொள்வதற்கும் நமது சட்டம் என்ன வழி செய்திருக்கிறது? இதைக் குறித்தே இன்று எழுதத் துணிகிறோம்.

செங்கல்பட்டு ஜில்லா 2019-ம் வருஷம் நவம்பரில் காஞ்சீபுரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. அதற்கு வெகு நாள் முன்னரே அதன் வாழ்க்கை மாறத் தொடங்கிவிட்டது. சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம், மறைமலை நகர் முதலிய இடங்களில் கணிப்பொறிக் கம்பெனிகளும் மோட்டார்த் தொழிற்சாலைகளும் பெருகின. திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த வாலிபத் தம்பதிகள் இங்கே குடியேறினார்கள். இருவரும் சம்பாதித்தாலன்றி வீட்டுக் கடனின் தவணையைக் கட்ட முடியாது. பாட்டி ஊரில் இருக்கிறாள். பிரசவத்துக்கென்று வாங்கிய ரஜாவோ தீர்ந்துவிட்டது. ஆகையால் ஆயா ஒருத்தியைத் தேடுகிறார்கள். டெலிபோனில் ஒரு தரகருக்குச் சொல்லிவிட்டால் இரண்டு தினங்களில் ஒரு ஸ்திரீ வாயிலில் வந்து நிற்கிறாள். சம்பளம் எவ்வளவு, சமையலும் செய்வாயா, ராத்தங்குவாயா என்று கேட்கிறார்கள். ஆதார் சீட்டின் நகல் ஒன்றை வாங்கி மேஜையறையில் வைக்கிறார்கள். விசாரணை அவ்வளவோடு முடிந்தது! ஆதார் சீட்டு ஒருவருடைய பெயரையும் உருவத்தையும் சொல்லுமேயன்றி, அவருடைய குணத்தையோ, கைத்திறனையோ, பூர்வோத்தரத்தையோ சொல்லாது.

முற்காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. நமது பழைய அகத்துறை நூல்களில் வரும் செவிலித்தாய், தலைவியின் தோழிக்குப் பெற்ற தாய். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தோடு கலந்தவள். அவளுக்கு ஊரே அத்தாட்சி. கிராமத்தில் பிறர் குழந்தையை எடுத்து வளர்த்த கிழவியைப் பற்றி அக்கிராமத்தார் அறியாதது ஒன்றுமில்லை. அந்த ஏற்பாட்டைப் பொற்காலமென்று நாம் கொண்டாட வரவில்லை. அதில் கூலியில்லா ஊழியமும் ஜாதிக் கட்டும் மலிந்திருந்தன. ஆயினும் ஆளை ஆள் அறிந்திருந்த ஒரு பாதுகாப்பு அதில் இருந்தது. பதினெட்டு மாடிக் கட்டிடத்தில் எதிர்வீட்டார் பெயரே தெரியாத இந்நாளில் அது போய்விட்டது. போனதற்கு ஈடாக வேறொன்றை நாம் ஏற்படுத்தவில்லை என்பதே நமது குறை.

ஆயா என்ற உத்தியோகத்தை இத்தேசத்தில் பெருக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்கள் அத்தாட்சிக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். வேலையை விட்டு நீங்கும்போது துரைசாணி எழுதிக் கொடுக்கும் சீட்டே அது. அச்சீட்டுகளை உறையில் கட்டிக்கொண்டு பங்களா பங்களாவாக ஏறி இறங்குவது வழக்கம். ஒருவர் சீட்டை மற்றொருவர் இரவல் வாங்குவதும், விலைக்கு வாங்குவதும் உண்டு. துரைசாணிக்குக் கோபம் வந்தால் நல்லவளுக்கும் சீட்டுக் கிடையாது. துரைசாணியின் நடத்தைக்கு ஆயாவிடம் யாதொரு சீட்டும் இல்லை. கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிச் சென்ற ஆயாக்களை, லண்டன் போய்ச் சேர்ந்ததும் திரும்புவதற்குக் காசு கொடாமல் தெருவில் விட்டவர்கள் பலர். அவ்விதம் கைவிடப்பட்ட ஸ்திரீகள் தங்குவதற்காகவே ஆயாக்கள் விடுதி என்று ஒன்று அந்நகரத்தில் இருந்தது. 1900-ம் வருஷம் அது ஹாக்னி என்ற பகுதிக்கு மாறிற்று. அந்தக் கட்டிடத்தில் 2022-ம் வருஷம் ஞாபகார்த்தப் பலகை பதித்திருக்கிறார்கள். விசாரணை ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் என்ன விளையும் என்பதற்கு அப்பலகையே சாட்சி.

லைசென்ஸு, ரிஜிஸ்தர், போலீஸ் விசாரணை என்ற வார்த்தைகளைக் கேட்டதும் நமது தேசபக்தர்களில் பலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. இலங்கையில் 1871-ம் வருஷத்து 28-வது ஆர்டினன்ஸு வீட்டு வேலைக்காரர்களை ரிஜிஸ்தர் செய்து, ஒவ்வொருவரிடமும் ஒரு கைப்புஸ்தகத்தைக் கொடுத்து, எஜமானர் அதில் அவருடைய நடத்தையைக் குறிக்கும்படி விதித்தது. எஜமானருடைய நடத்தையைக் குறிப்பதற்கு அப்புஸ்தகத்தில் இடமில்லை. அதே 1871-ல்தான் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குலத்தையே குற்றமாக்கி, கைரேகை பதிந்து, இரவில் போலீஸ் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்ன சட்டம் அது. அதை எதிர்த்த மதுரை ஜில்லாப் பெருங்காமநல்லூர் ஜனங்கள் மீது 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டதில் 16 உயிர்கள் மாய்ந்தன. 1947-ல் சென்னை மாகாணத்திலும், 1952-ல் தேசம் முழுவதிலும் அச்சட்டம் ஒழிந்தது. ஏழை ஒருவனுடைய பூர்வோத்தரத்தை விசாரிப்பதாகச் சொல்லி அவனுடைய ஜாதியையும் சேரியையும் விசாரிக்கும் புத்தி அதோடு ஒழிந்துவிட்டதென்று யாராவது மார்தட்டிச் சொல்ல முடியுமா? ஆகையால் முதலிலேயே ஸ்பஷ்டமாகச் சொல்லிவிடுகிறோம். ஒருவர் செய்த செயலை விசாரிக்க வேண்டும். அவர் பிறந்த குலத்தை விசாரிக்கலாகாது. இந்த எல்லையை மீறும் எந்த ஏற்பாட்டையும் நாம் ஆதரியோம்.

அந்த எல்லைக்குள் நின்று இன்றைய சட்டத்தைப் பார்ப்போம். பிள்ளை பிறக்கும் வேளையில் உதவும் நர்ஸையும் மருத்துவச்சியையும் ரிஜிஸ்தர் செய்வதற்கு 1926-ம் வருஷமே சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது. கட்டிடத்து வாயிலில் நிற்கும் காவலாளர் விஷயத்தில் 2005-ம் வருஷத்துத் தனியார் பாதுகாப்பு ஸ்தாபனங்கள் சட்டம் இருக்கிறது. அதன்படி காவலாளரை அனுப்பும் கம்பெனி லைசென்ஸு பெற்றாக வேண்டும். காவலாளரின் நடத்தையும் பூர்வோத்தரமும் விசாரிக்கப்பட வேண்டும். 2006-ல் மத்திய சர்க்கார் வகுத்த மாதிரி விதிகளோ அவருக்கு 100 மணி நேரப் பாடத்தையும் 60 மணி நேரக் களப் பயிற்சியையும் சொல்கின்றன. பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம் முதலிய ஸ்தாபனங்களுக்கு 2020-ம் வருஷத்துப் போக்சோ விதிகள் இருக்கின்றன. குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு ஊழியரையும், நிரந்தரமானவராயினும் ஒப்பந்தக்காரராயினும், காலாகாலத்தில் போலீஸ் விசாரணைக்கு உட்படுத்த வேண்டுமென்று அவை கட்டளையிடுகின்றன.

நேயர்கள் சற்று யோசிக்க வேண்டும். வெளி வாயிலில் நிற்பவனுக்கு விசாரணை உண்டு. பத்துப் பேர் பார்க்கப் பத்துக் குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் காப்பகத்து ஆயாவுக்கு விசாரணை உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு, வேறு பெரியவர் ஒருவருமில்லாத வீட்டில், பத்து மணி நேரம் ஒரே ஒரு சிசுவோடு தனித்திருப்பவளுக்கு அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை! போக்சோ விதி ஸ்தாபனத்தைக் கட்டுப்படுத்துகிறதேயன்றி வீட்டை அன்று. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது ஷரத்து, தன் வசத்திலுள்ள குழந்தையை அடிப்பவருக்கும் கைவிடுபவருக்கும் 3 வருஷம் வரையில் சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால் தண்டனை பிறகு வருவது. குழந்தைக்கு வேண்டியது முன்னே வரும் காவல்.

"போலீஸ் விசாரணைக்குத்தான் வழி இருக்கிறதே" என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். வாஸ்தவம். வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்பவரைப் பற்றி விசாரிக்கும்படி தமிழ்நாட்டுப் போலீஸாரிடம் இணையத்தின் மூலமே கட்டணம் செலுத்தி மனுப் போடலாம். அது கட்டாயமன்று. அன்றியும், போலீஸ் பத்திரத்தின் தாத்பரியம் என்னவென்று அறிந்து அதை வாசிக்க வேண்டும். வழக்கு ஒன்றும் பதிவாகவில்லை என்பது ஒன்று. ஆள் நல்லவர் என்பது வேறொன்று. இங்கிலாந்தில் 2002-ம் வருஷம் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவன், பாடசாலை ஒன்றின் பராமரிப்பாளனாக வேலை பார்த்தவன். அவன்மீது வேறொரு ஜில்லாவில் எழுந்திருந்த புகார்கள் அவனை வேலைக்கு வைத்தவர்களுக்கு எட்டவில்லை. 2004-ல் பிச்சார்டு விசாரணை இதை வெட்டவெளிச்சமாக்கிற்று. ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பெண்களைத் தருவித்து அனுப்பும் தரகர்கள் பெருகிவிட்ட நமக்கும் இது பாடமாக வேண்டும். ஒரு போலீஸ் நிலையத்துக் காகிதம் மற்றொரு மாகாணத்துச் சங்கதியைச் சொல்லாது.

பத்திரத்தாலேயே எல்லாம் சித்தித்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் நமது ஜில்லாவின் தலைநகரத்தையே பார்க்கட்டும். 2022-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி, செங்கல்பட்டுச் சர்க்கார் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் மரணமடைந்தான். அவனை அடித்ததாக வழக்குப் பதிவாகி, அந்த இல்லத்து ஊழியர் ஆறு பேர் அடுத்த மாதம் கைதாயினர். அதன் பின்னர் இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராயச் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு 2023-ம் வருஷம் தமது அறிக்கையைச் சமர்ப்பித்தார். வழக்கின் முடிவைக் கோர்ட்டார் சொல்லட்டும். அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். அது சர்க்கார் இல்லம். அங்கே இருந்தவர்கள் சர்க்கார் வேலைக்கு வைத்த ஊழியர்கள். நியமன உத்தரவு கையிலிருந்தும் சிறுவனுடைய உயிருக்கு அது காவலாகவில்லை. சேரும்போது செய்யும் விசாரணை வாசற்படி மாத்திரமே. பயிற்சியும் மேற்பார்வையும் புகாரைக் கேட்பாரும் இல்லாவிடில் வாசற்படியைத் தாண்டியவரைத் தடுப்பார் இல்லை.

இனி மறுபக்கம். 2024-ம் வருஷம் ஜனவரியில், சென்னைத் திருவான்மியூரில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்த 18 வயதுப் பெண்ணைக் கொடுமை செய்ததாக வழக்குத் தொடரப்பட்டு, அவ்வீட்டுத் தம்பதிகள் கைதாயினர். குழந்தையை ஒப்புவிக்கிற தாய்க்கு உள்ள பயத்தைப் போன்றதே, முகமறியாத வீட்டில் வயதுப் பெண்ணை விட்டுவிட்டு ஊர் திரும்புகிற ஏழைத் தாயின் பயமும். முன்னவளுடைய பயத்தைக் கேட்கப் பத்திரிகைகள் உண்டு. பின்னவளுடைய பயத்தை யார் கேட்கிறார்கள்? மேலும், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தானே என்று பன்னிரண்டு வயதுச் சிறுமியை வேலைக்கு அமர்த்தும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. 14 வயதுக்குட்பட்டவரை வீட்டு வேலையில் வைப்பது 2006-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி முதல் குற்றம். குழந்தையைக் காக்கக் குழந்தையையே அமர்த்துகிறவர், அந்த ஆயாவின் பூர்வோத்தரத்தைக் கேட்பதற்கு முன் தமது சொந்த நடத்தையை விசாரித்துக்கொள்வது நலம்.

பிற தேசத்தார் என்ன செய்திருக்கிறார்கள்? இங்கிலாந்தில்கூட வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கட்டாயமாக ரிஜிஸ்தர் ஆக வேண்டியதில்லை. விரும்பினால் ஆஃப்ஸ்டெட் என்ற இலாகாவின் ரிஜிஸ்தரில் சேரலாம். சேர்வதற்குக் குற்றப் பதிவு விசாரணையும், முதலுதவிப் பயிற்சியும், இன்ஷூரன்ஸும் வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தார் டிரஸ்ட்லைன் என்று ஒரு ரிஜிஸ்தர் வைத்திருக்கிறார்கள். கைரேகையைக் குற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டு, குழந்தைகளுக்குத் தீங்கு செய்தவர் அதில் சேராதபடி பார்க்கிறார்கள். ஆயாக்களை அனுப்பும் ஏஜென்ஸிகள் அதில் பதிவானவர்களையே அனுப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். பாரத்தை ஏஜென்ஸியின் தோளில் வைத்த இந்த யுக்தியே நமக்கு ஏற்றதென்று தோன்றுகிறது. இந்தியாவிலும் சத்தீஸ்கார் 2013-லும், டில்லி 2014-லும், ஜார்க்கண்ட் 2016-லும் வேலைக்கு ஆள் அனுப்பும் தரகு ஸ்தாபனங்களைக் கட்டுப்படுத்த முன்வந்திருக்கின்றன. வீட்டுப் பணியாளருக்கென்று ஒரு சட்டம் வேண்டுமா என்று ஆராயக் கமிட்டி அமைக்கும்படி சுப்ரீம் கோர்ட்டார் 2025-ம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம்.

நமது யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலாவது, லைசென்ஸு தரகருக்கே வேண்டும். கூலிக்கு வரும் ஏழை ஸ்திரீக்கு அன்று. யாரை எந்த வீட்டுக்கு அனுப்பினோம் என்று கணக்கு வையாத தரகர், வழக்கு வந்ததும் டெலிபோன் எண்ணை மாற்றிக்கொண்டு மறைகிற காலம் போக வேண்டும். இரண்டாவது, தரகர் மூலம் வரும் ஒவ்வொரு ஆயாவுக்கும் பூர்வோத்தர விசாரணை கட்டாயமாக வேண்டும். அதன் செலவு தரகரையும் வீட்டுக்காரரையும் சேர்ந்தது. பத்திரமோ ஆயாவின் சொத்து. ஒரு வீட்டை விட்டு மற்றொரு வீட்டுக்கு அவளே அதை எடுத்துச் செல்லலாம். துரைசாணியின் சீட்டைப்போல் ஒருவருடைய தயவைப் பொறுத்ததாக அது இருக்கலாகாது.

மூன்றாவது, அப்பத்திரத்தில் என்ன இருக்கலாம் என்பதைச் சட்டமே வரையறுக்க வேண்டும். குழந்தைகளுக்கும் பிறர் உடலுக்கும் செய்த தீங்குக்காகக் கோர்ட்டார் அளித்த தண்டனை இருக்கலாம். ஜாதி, மதம், தகப்பன் தொழில், அக்கம்பக்கத்தார் வம்பு முதலியன இருக்கலாகாது. சிறு பிராயத்தில் தவறியவரை அதன் நிமித்தம் பின்னால் தகுதியற்றவர் ஆக்கலாகாதென்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது ஷரத்து பொது விதியாகச் சொல்கிறது. அந்தக் கருணையை இங்கேயும் காக்க வேண்டும். பத்திரம் மறுக்கப்பட்டவருக்கு அப்பீல் செய்ய வழி வேண்டும்.

நான்காவது, பயிற்சி. தொண்டையில் உணவு சிக்கினால் என்ன செய்வது, ஜுரத்தில் வலிப்புக் கண்டால் என்ன செய்வது, சிசுவை எவ்விதம் படுக்க வைப்பது, அழுகிற குழந்தையைக் கோபத்தில் உலுக்கினால் மூளைக்கு என்ன கேடு வரும் என்பனவற்றைக் கற்பிக்க வேண்டும். 1965-ல் ஸ்தாபிதமான வைத்தியக் கல்லூரி செங்கல்பட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-ம் வருஷம் முதல் இருக்கிறது. இவ்விரண்டும் கைகோத்தால் இந்த ஜில்லாவிலேயே முன்மாதிரி ஒன்றை நடத்திக் காட்டலாம். அறியாமையால் நேரும் ஆபத்தைப் போலீஸ் விசாரணை தடுக்காது, படிப்புத்தான் தடுக்கும்.

ஐந்தாவது, ஆயாவை அமர்த்துகிற வீட்டின் பெயரும் விலாசமும் வாரியத்தில் பதிவாக வேண்டும். சம்பளம், வேலை நேரம், வார ரஜா, படுக்க இடம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். கொடுமை செய்ததாக நிரூபணமான வீட்டுக்குத் தரகர் மறுபடி ஆள் அனுப்பலாகாது. ஆறாவது, 50 பேரும் அதற்கு மேற்பட்டவரும் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வைக்கும்படி 2017-ம் வருஷத்துப் பிரசவ கால உதவிச் சட்டத் திருத்தம் விதித்தது. 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே கணக்கைக் கைக்கொண்டிருக்கிறது. அதைக் கம்பெனிகள் மனப்பூர்வமாக நிறைவேற்றினால், பத்துப் பேர் பார்க்க வளரும் குழந்தைகளின் தொகை பெருகும். சாத்திய கதவுக்குப் பின்னால் இருப்பவர் தொகை குறையும்.

சட்டம் வரும் வரையில் பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. முன்பு வேலை செய்த வீட்டாரிடம் நேரில் போய் விசாரியுங்கள். தரகர் கொடுத்த டெலிபோன் எண்ணோடு நிற்காதீர்கள். முதல் வாரத்தில் வீட்டார் ஒருவர் கூடவே இருந்து பழக்குங்கள். சொல்லாமல் ஒரு நாள் நடுப்பகலில் வீட்டுக்கு வாருங்கள். சுவரில் மாட்டிய காமிரா நடந்ததைக் காட்டுமேயன்றி, நடப்பதைத் தடுக்காது. ஆயாவைப் பார்த்ததும் குழந்தை வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கினால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். வேலைக்கு வரும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் விசாரியுங்கள். அவ்வீட்டில் முன்பிருந்தவள் ஏன் போனாள் என்று கேளுங்கள். போகும் வீட்டின் விலாசத்தை ஊரிலுள்ளவரிடம் சொல்லி வையுங்கள். உங்கள் ஆதாரின் அசலை ஒருவரிடமும் கொடாதீர்கள்.

இவ்வளவும் பணக்காரர் வீட்டுச் சங்கதி, தேசத் தொண்டு செய்பவருக்கு இதில் என்ன வேலை என்று நமது நண்பர்களில் சிலர் எண்ணுவார்களானால், அவர்களுக்கு நாம் சொல்வது இதுவே. தன் மகவை வீட்டில் விட்டுப் பிறர் மகவை வளர்க்க வருகிற ஸ்திரீ, தொழிலாளி இல்லாமல் வேறு யார்? அவளுக்குச் சங்கம் இல்லை. ஆலை வாசலில் நின்று கோஷம் போட அவளுக்கு ஆலையும் இல்லை. நாலு சுவருக்குள் தனித்து வேலை செய்கிறாள். அவளுடைய மடியிலிருக்கும் குழந்தைக்கோ ஓட்டும் இல்லை, வாயும் இல்லை. வாயில்லாத இருவருக்காகச் சட்டசபையில் வாய் திறப்பவர் யார்? செங்கல்பட்டு ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றி முன்வந்து, ஆயாக்களை அனுப்பும் தரகு ஸ்தாபனங்களைக் கட்டுப்படுத்தவும், ஆயாக்களைக் கௌரவமாகப் பதிவு செய்யவும் ஒரு மசோதாவைக் கேட்க வேண்டும். அதைக் கேட்கும்படி அவர்களைத் தூண்டுவது இதை வாசிக்கும் ஒவ்வொருவருடைய கடமையாகும்.